மேவன் பிளகின் ‘கிளாஸ் இல்லை’ என்றால்

ஜார் பாம்.எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது, டிபென்டென்சி ட்ரீயிலும் தெரிகிறது. ஆனாலும் பில்டு நடுவழியில் நிற்கிறது: கிளாஸ் கிடைக்கவில்லையாம். உடனே அதே ஜாரின் வேறு வெர்ஷனைப் போட்டுப் பார்ப்பதுதான் பலரின் பழக்கம். பலன் இராது. மேவன் ஒவ்வொரு பிளகினுக்கும் ‘ரெல்ம்’ என்றொரு தனி கிளாஸ்லோடரை உருவாக்குகிறது. புராஜெக்டின் டிபென்டென்சிகளுக்கு அதற்குள் இடமே கிடையாது.

எடுத்துக்காட்டாக, 2018இல் வந்த ஜாவா 11, ஜாக்ஸ்பியை (JAXB) ஜேடிகேயிலிருந்து நீக்கியது. அதை நம்பியிருந்த பழைய பிளகின்கள் ஜாவா 8இல் ஓடின, 11இல் ‘நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்’ என்று விழுந்தன. பிளகின் டேகுக்குள்ளேயே ஒரு டிபென்டென்சிஸ் பகுதி எழுதி, ஜாக்ஸ்பி ஏபிஐயையும் இம்ப்ளிமென்டேஷனையும் அங்கே சேர்த்தால் சரியாகும். பிளகினுக்குப் புது வெர்ஷன் இருந்தால் அதற்கு மாறுவதே மேல், இப்படி ஜார் சேர்ப்பது ஒட்டுப்போடுவதுதான்.

பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். பல சமயம் ரெல்மின் பெயரும் அதிலுள்ள ஜார்களின் யூஆர்எல் பட்டியலும் அதிலேயே இருக்கும். நீளத்தைப் பார்த்துப் பயந்து எல்லாரும் தாண்டிப் போகும் பகுதி அது. தேடுகிற ஜார் பட்டியலில் இல்லையா? காரணம் தெரிந்துவிட்டது. பட்டியலே வரவில்லையென்றால் மைனஸ் எக்ஸ் சேர்த்து ஓட்டுங்கள். டிபென்டென்சி ட்ரீ காட்டுவது புராஜெக்டை மட்டும். பிளகின்களுக்கு அதே டிபென்டென்சி பிளகினில் ரிசால்வ்-பிளகின்ஸ் என்று தனிக் கோல் உண்டு.

‘நோசச்மெத்தட்எரர்’ வேறு கதை. கிளாஸ் கிடைத்திருக்கிறது, வெர்ஷன்தான் தப்பு. பிளகின் டேகுக்குள் டிபென்டென்சியாக நீங்கள் நேரடியாக எழுதும் வெர்ஷனே முந்தும், சரியானதை அங்கே எழுதுங்கள்.

நீங்களே பிளகின் எழுதுகிறவரா? புராஜெக்டின் கிளாஸ்களை லோடு செய்ய வேண்டுமென்றால், மோஜோவில் டிபென்டென்சி ரெசல்யூஷனைக் கேட்டு வாங்கி, ரன்டைம் கிளாஸ்பாத்தை எடுத்து, ஒரு யூஆர்எல்கிளாஸ்லோடர் கட்டுங்கள். அதற்குப் பேரன்டாகப் பிளகினின் சொந்த லோடரைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒரே இன்டர்ஃபேஸ் இரண்டு லோடர்களில் ஏறி, ஒரு டைப்பை அதே பெயருள்ள டைப்பாக காஸ்ட் செய்ய முடியாது என்று ஜாவா அடம்பிடிக்கும். பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் ஜேவிஎம்முக்கு லோடரும் சேர்ந்ததுதான் கிளாஸின் அடையாளம். சந்தேகம் வந்தால் இரண்டு கிளாஸ்களின் லோடரையும், எந்த ஜாரிலிருந்து வந்தன என்பதையும் அச்சிட்டு ஒப்பிடுங்கள். சர்வீஸ்லோடர் வழியாக எதையாவது தேடும்போது திரெட் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரையும் மாற்ற வேண்டியிருக்கும். பழையதை ஃபைனலி பிளாக்கில் திரும்ப வைத்துவிடுங்கள்.