யானையும் நமது வயலும்: காணிக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



விட்டுவந்த காணிக்குத் திரும்பும்போது நாம் முதலில் தேடுவது வீட்டுச் சுவரையும் கிணற்றையும்தான். திருகோணமலை மாவட்டத்தில் திரும்பிச் சென்ற பலர் அவற்றோடு யானைத் தடங்களையும் கண்டனர். “முன்னர் இத்தனை யானை இங்கு இல்லையே, யாரும் கொண்டுவந்து விட்டார்களா?” என்று கேட்போர் உண்டு. இலங்கையில் யானைகளைப் பற்றி நடைபெற்ற ஆய்வுகள் இக்கேள்விக்குத் தரும் விடையையும், அதைக் கொண்டு நாம் செய்யக்கூடியவற்றையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

1. யானை ஏன் நமது காணிக்கு வந்தது?

பெருங்காடுதான் யானையின் வீடு என்று நாம் எண்ணுகின்றோம். ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்கின்றன. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோ தீன் வேண்டும். பெருமரங்கள் அடர்ந்த முதுகாட்டின் நிழலில் புல் அதிகம் வளராது. எட்டும் உயரத்தில் தழையும் குறைவு. சேனை செய்து கைவிட்ட நிலத்திலோ புல்லும் கொடியும் இளந்தளிரும் நிறைந்திருக்கும். பக்கத்தில் குளமும் இருந்தால் யானைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மகாவலி வெள்ளச் சமவெளியிலுள்ள சோமாவதி தேசியப் பூங்காவின் வில்லுகளில் யானைகள் கூடுவதும் புல்லுக்காகவும் நீருக்காகவுமே.

தென்னைமரவாடி மக்கள் 1984இல் ஊரைவிட்டு வெளியேறினர். 2009இல் போர் முடிந்த பின்னரே திரும்பத் தொடங்கினர். சம்பூர் மக்கள் 2006இல் வெளியேறினர். 2015 முதலே தம் காணிகளைக் கண்டனர். இப்படிப் பத்து, இருபத்தைந்து வருடம் ஆளின்றிக் கிடக்கும் நிலத்தில் வயல் புற்றரையாகும், மேட்டுநிலம் பற்றைக்காடாகும். ஒரு யானைக் கன்று பிறந்து முழு வளர்ச்சியடைந்த ஆணாவதற்கு இருபத்தைந்து வருடம் போதும். நாம் இல்லாத காலத்தில் அங்கு பிறந்து வளர்ந்த யானைக்கு நமது காணிதான் பிறந்த இடம். அது நம்மீது பகைகொண்டு வரவில்லை.

2. பிடித்துக் கொண்டுபோய் விட்டால் என்ன?

2011இல் வனசீவராசிகள் திணைக்களம் எடுத்த கணக்கின்படி நாட்டில் 5,879 யானைகள் இருந்தன. இலங்கை நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அப்பகுதிகளில் பத்தில் ஏழு பங்கில் மனிதரும் வாழ்கின்றனர் என்பது பின்னர் வெளிவந்த ஆய்வு முடிவு. இத்தனை யானைகளையும் பூங்காக்களுக்குள் அடைக்க இடமுமில்லை, தீனுமில்லை.

டாக்டர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் யானைகளுக்குச் செய்மதிக் கழுத்துப்பட்டி அணிவித்துப் பல வருடங்கள் அவற்றைப் பின்தொடர்ந்தனர். யானை கண்டபடி அலைவதில்லை. தனக்கெனப் பழகிய எல்லைக்குள்ளேயே வருடந்தோறும் சுற்றி வருகின்றது என்பது தெரியவந்தது. தொல்லை தந்த 12 ஆண் யானைகளை 16 தடவை பிடித்துப் பூங்காக்களில் விட்டபோது நடந்ததை 2012இல் வெளியிட்டனர். சில பழைய இடத்துக்கே திரும்பின. சில தூர ஊர்களுக்கு அலைந்தன. சில புதிய இடத்தில் தங்கின. பெரும்பாலானவை பூங்காவுக்குள் நிற்கவில்லை. மனிதரும் இறந்தனர், யானைகளும் இறந்தன. ஓர் ஊரின் துன்பம் இன்னோர் ஊருக்குப் போனதேயன்றித் தீரவில்லை.

கூட்டமாகத் துரத்துவதிலும் இதே குறை உண்டு. துரத்தும்போது போவது பெண்களும் கன்றுகளும் உள்ள கூட்டம். பயிரை அதிகம் அழிப்பவையும் ஆளைக் கொல்பவையும் தனித்துத் திரியும் ஆண் யானைகள். அவை பற்றைக்குள் ஒளிந்து பின்தங்கிவிடும். ஓயாமல் வெடி கொளுத்தித் துரத்தினால் யானை அச்சம் நீங்கி எதிர்க்கப் பழகும்.

3. வேலியை எங்கே போடுவது?

மின்வேலிகள் பல காட்டின் எல்லையில், இரண்டு திணைக்களங்களின் காணிகளுக்கு நடுவே போடப்பட்டன. அவ்வேலியின் இருபுறமும் யானைகள் இருந்தன. நடுக்காட்டில் கட்டை சாய்ந்தால் பார்க்க ஆளில்லை.

ஆகவே யானையைச் சுற்றியல்ல, ஊரையும் பயிரையும் சுற்றியே வேலி வேண்டும் என்றனர் ஆய்வாளர். குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியில் 2013 முதல் இதைச் செய்து காட்டினர். விதைப்புக் காலத்தில் வயல்வெளியைச் சுற்றி வேலி எழும்பும்; அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கப்படும். பின்னர் யானை வந்து ஒட்டுப்புல் மேயலாம். வேலி விவசாயிகளுக்கே சொந்தம். செலவையும் காவலையும் அவர்களே பங்கிட்டுக்கொண்டனர். 2020இல் தயாரிக்கப்பட்ட தேசிய செயற்திட்டமும் இவ்வகை வேலிகளை முன்வைக்கின்றது.

திரும்பும் குடும்பங்களுக்கு இதில் ஒரு முக்கிய பாடம் உண்டு. ஐந்து குடும்பம் மட்டும் ஆங்காங்கே ஒவ்வோர் ஏக்கர் விதைத்தால் ஐந்து வேலி வேண்டும். ஒரே வெளியில் சேர்ந்து விதைத்தால் ஒரு வேலி போதும்.

4. நாம் செய்யக்கூடியவை

• காணி துப்புரவாக்குமுன் உறுதி, அனுமதிப்பத்திரப் பிரதிகளுடன் பிரதேச செயலகத்துக்குச் சென்று, அது வன எல்லைக்குள் அடையாளமிடப்பட்டுள்ளதா என விசாரியுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதா எனவும் கேளுங்கள்.
• முதலில் வீட்டையும் பாதையையும் சுற்றியுள்ள பற்றைகளை வெட்டுங்கள். பகலில் ஆண் யானை தங்குவது அங்கேதான்.
• தற்காலிகக் கொட்டிலில் நெல் மூட்டை வைக்காதீர்கள். அந்த மணத்துக்கே யானை சுவரை உடைக்கும். வேலிக்குள் பொதுக் களஞ்சியம் ஒன்று அமையுங்கள்.
• மின்வேலிக்கு அதற்குரிய கருவியையும் பற்றறியையும் மட்டுமே பாவியுங்கள். அது விட்டுவிட்டு நொடிப்பொழுது அதிர்ச்சி தரும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது சட்டவிரோதம். யானையை மட்டுமல்ல, நம் பிள்ளைகளையும் அது கொல்லும்.
• இரவில் வெளிச்சமின்றித் தனியே நடக்காதீர்கள். மது அருந்தி நடப்பது மேலும் ஆபத்து.
• சேதம் நேர்ந்தால் உடனே கிராம உத்தியோகத்தருக்கும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

5. நமது விசுவாசம்

2023இல் மட்டும் நாட்டில் 450க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். ஒவ்வொரு மனித இழப்பின் பின்னும் ஓர் ஏழைக் குடும்பம் உண்டு. விவசாயியின் உயிரைவிட யானை பெரிதென்று எவரும் சொல்லக்கூடாது. அதேவேளை, வெள்ளம் வடிந்தபின் இறைவன் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டுமல்ல, பேழையிலிருந்து இறங்கிய எல்லா உயிர்களோடும் செய்யப்பட்டது என்று தொடக்கநூல் கூறுகின்றது. அந்த நோவாவும் இடம்பெயர்ந்து திரும்பி மண்ணில் பயிர் செய்தவரே. நாமும் அவ்வாறே ஒன்றாகத் திரும்புவோம், ஒன்றாக விதைப்போம், ஒன்றாகக் காவல் இருப்போம்.

கலந்துரையாடுவோம்

1. நமது ஊரில் யானை வரும் பாதைகள் எவை? எந்த மாதங்களில் வருகின்றன? வரைபடம் ஒன்றை நிலத்தில் கீறிப் பாருங்கள்.
2. வரும் பெரும்போகத்தில் எத்தனை குடும்பங்கள் ஒரே வெளியில் விதைக்க முடியும்?
3. வேலியை நாள்தோறும் பார்ப்பது யார்? ஆண் துணையற்ற குடும்பங்களின் முறையை யார் ஏற்பது?
4. இன்னும் திரும்பாத நமது அயலவருக்காக எவ்வளவு இடத்தை வேலிக்குள் சேர்க்கலாம்?