மீண்ட கோப்பும் மீளா எழுத்தும்

ஏடு செல்லரிக்குமுன் அதனைப் புத்தேட்டிற் பெயர்த்தெழுதினர் நம் முன்னோர். கணினியின் வட்டினை அழித்து இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவுமுன், கோப்புகளைப் புறவட்டிற் படியெடுத்தலும் அத்தன்மைத்தே. ஆயின் அதுமட்டும் போதாது.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையினின்று கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த முதியோரின் நினைவுரையை, 1999-இல் தமிழ்நாட்டரசு அறிவித்த ‘டாப்’ குறியேற்றத்தில் ஒருவர் எழுதிவைத்தாரெனக் கொள்வோம். படியினின்று கோப்பு மீண்டாலும், அதற்குரிய எழுத்துரு புதிய தளத்தில் இன்மையின், பொருளற்ற அயலெழுத்துகளே தோன்றும். பழுதென்றெண்ணி அழித்துவிடின், உரைத்தவர் மறைந்தபின் அதனை மீட்டும் கேட்டல் யாங்ஙனம்?

ஆதலின் எழுத்துருவையும் உடன் படியெடுத்து, வேறொரு கணினியில் திறந்து படித்துப் பார்த்த பின்னரே வட்டினை அழித்தல் வேண்டும். மீட்டபின், 2010-இல் அவ்வரசு ஏற்ற ஒருங்குறிக்கு அதனை மாற்றிவைத்தல் நன்று.