பலர் கூடிக் காணும் மெய்ந்நிகர்க் காட்சி: முன்மாதிரி அமைக்கும் முறை

இரு கண்களுக்கும் சிறிது வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால், மனம் அவற்றை இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாகக் காண்கிறது. இவ்வுண்மையைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். மெய்ந்நிகர்க் காட்சிக் கருவியும் இத்தத்துவத்தைச் சார்ந்ததேயாகும்.

ஆயினும், கருவியைக் கண்களில் பொருத்திய மாணவன் தனியனாகிவிடுகிறான். அவன் எதை நோக்குகிறான் என்பதை ஆசிரியர் அறியார். வகுப்பு முழுவதும் ஒரே காட்சியைக் காண உதவிய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. காட்சியை இணையப் பக்கமாகவே அமைத்தால் தனியொரு செயலியைச் சார்ந்திருக்க வேண்டுவதில்லை.

முதற்படி, படம். முழுவட்டப் படம் கிடையாக 360 பாகையும் செங்குத்தாக 180 பாகையும் அடங்கியது. ஆதலின் அதன் அகலம் உயரத்தைப் போல் இருமடங்காகும். அதனைக் கோளமொன்றின் உட்புறத்தில் ஒட்டியதுபோல் காட்ட, ஏ-ஃபிரேம் என்னும் இலவச மென்பொருளில் சில வரிகளே போதும்.

இரண்டாம் படி, பகிர்வு. படங்களை ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் முன்னரே இறக்கிவைத்து, காட்சி எண்ணையும் ஆசிரியர் சுட்டும் திசையையும் மட்டும் அனுப்புதல் வேண்டும். திசையைக் குறிக்கும் இரு கோணங்களுக்கு 8 பைட் எனக் கொள்வோம். வினாடிக்கு 10 முறை 30 பேருக்கு அனுப்பினால் 2,400 பைட் ஆகும். மாறாக, 30 பேரின் நோக்கையும் ஒருவர்க்கொருவர் அனுப்பின் 69,600 பைட் ஆகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மாணவனின் பார்வையை ஆசிரியரின் கருவி திருப்பலாகாது. தலை அசையாதிருக்கக் காட்சி மட்டும் சுழன்றால், கண்ணும் உட்செவியும் முரண்பட்டுக் குமட்டல் உண்டாகும். எனவே, திசையை ஓர் அம்புக்குறியால் காட்டுவதே முறை.

மூன்றாம் படி, காலப் பொருத்தம். அசையும் படமாயின் இது இன்றியமையாதது. மாணவனின் கருவி வினவி, விடை 0.2 வினாடியில் வந்ததாகவும், படம் 60-ஆவது வினாடியில் உள்ளதென அவ்விடை கூறியதாகவும் கொள்வோம். போக்கும் வரவும் ஏறத்தாழச் சமமாதலால், பாதியாகிய 0.1 வினாடியைக் கூட்டி 60.1-இலிருந்து தொடங்க வேண்டும்.

சோதனைக்கு முதலில் இரு தொலைபேசிகள் போதும். ஒன்றை நடுவில் அணைத்து மீண்டும் இணைத்தல் வேண்டும். மாற்றங்களை மட்டும் அனுப்பும் முன்மாதிரியில், பிந்தி வந்தவன் பழைய காட்சியிலேயே நின்றுவிடுவான். இணைந்தவுடன் நடப்பு நிலை முழுவதையும் பெறுமாறு அமைத்த பின்னரே வகுப்பிற்குக் கொண்டுசெல்லலாம். அங்கு மாணவர்களை அமரவைத்துச் சில நிமிடங்களே காட்டி, கருவியைக் கழற்றியபின் கண்டவற்றைக் கூறச் செய்தல் நலம்.