சோதனைக்கூடத்தில் வாயில்லா ஜீவன்கள்

மருந்துகள் பெரும்பாலும் நம் கைக்கு வருமுன் எலி, முயல் முதலியவற்றிடம் சோதிக்கப்படுவதை நாம் அறிவோம். அந்த வாயில்லா ஜீவன்களுக்காக நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் உள்ளது. மாநிலங்களவை நியமன உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் இதற்கென முதலில் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பின்னர் அரசே சட்டம் இயற்றியது.

நோயை வெல்லவும் உயிரைக் காக்கவும் செய்யும் சோதனைகளை இச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கண்காணிக்க ஒரு குழுவையும், அக்குழு வகுக்கும் விதிகள் எதை நாட வேண்டும் என்பதையும் கூறுகிறது. அறுவைக்கு மயக்க மருந்து வேண்டும். சிறு பிராணி போதுமானால் பெரியதைத் தவிர்க்க வேண்டும். பிழைத்தாலும் கடும் வேதனையே மிஞ்சும் என்றால், மயக்கம் தெளியுமுன்பே அதன் உயிரை முடித்துவிட வேண்டும். இதைக் கருணை என்று சொல்ல நாக்கு சற்றுக் கூசத்தான் செய்கிறது.

மாணவிகளாகிய நம்மைத் தொடுவது 17-ஆம் பிரிவு. புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் இவற்றால் கற்பிக்க முடியுமெனில், கல்லூரிகளில் பிராணிச் சோதனையைத் தவிர்க்க வேண்டும். வெறும் கைத்திறன் பழகுவதற்காகவும் கூடியவரை செய்யலாகாது. அப்படியானால், விலங்கியல் மாணவர்கள் மெழுகுத் தட்டில் தவளையை விரித்து அறுத்துவந்தது எதற்காக? இவ்வரிகள் 1960-லேயே எழுதப்பட்டிருந்தும், விலங்கியல் பட்டப்படிப்புகளில் அவ்வறுவையை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு அறிவிக்க 2014 வரை ஆயிற்று.