இந்த முறையாவது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், கடையில் தமிழும் மலையாளமும். 2014-இல் தொடங்கிய நாளிலிருந்து நான் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் ரசிகன். என் மச்சான் பூப்பாறையில் ஏலத்தோட்டம் பார்க்கிறார், அவரும் அப்படித்தான். ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் இருவரும் போனில் மணிக்கணக்காகப் பேசி, "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்று முடிப்போம். 2024-25 சீசனில் எட்டாவது இடம். 2025-26 சீசனில் எதை எதிர்பார்ப்பது என்றே புரியவில்லை. லீக் நடக்குமா என்பதே சந்தேகம் என்கிறார்கள். பொள்ளாச்சிச் சொந்தக்காரர்கள், "தமிழன்தானே நீ, சென்னையின் எஃப்.சி.க்கு வந்துவிடு, அங்கே ரெண்டு கப்பு இருக்கு" என்று சீண்டுகிறார்கள். மச்சானோ, லீக் உறுதியானதும் கொச்சி கலூர் மைதானத்தில் முழு சீசனுக்கும் டிக்கெட் எடுத்துவிடலாம் என்கிறார். மனசு ஆசைப்படுகிறது, புத்தி வேண்டாம் என்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, லீக் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இந்தியன் சூப்பர் லீக்கை (ஐ.எஸ்.எல்.) நடத்திய நிறுவனத்துக்கும் 2010-இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பர் வரைதான். அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகாததால், 2025 ஜூலையில் சீசனை நிறுத்தி வைப்பதாகக் கிளப்புகளுக்குச் சொல்லிவிட்டார்கள். பணத்துக்கு வழி பிறந்தால் லீக் நடக்கும். இந்தியக் கால்பந்தை இவ்வளவு தூரம் வளர்த்த பிறகு அதை அப்படியே விட்டுவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஆட்டங்களின் எண்ணிக்கை குறையலாம், தேதி தள்ளிப் போகலாம். உங்கள் உண்மையான கேள்வி அது அல்ல. பத்து வருஷத்துக்கும் மேலாகக் கோப்பையே பார்க்காத ஓர் அணியிடம் எதை எதிர்பார்ப்பது என்பதுதானே கேள்வி?

2024-இன் இதே நாட்களை நினைத்துப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 1, டூரண்ட் கோப்பை. மும்பை சிட்டியை பிளாஸ்டர்ஸ் 8-0 என்று வென்றது. நோவா சதாவூயி மூன்று கோல், குவாமே பெப்ரா மூன்று கோல். வயநாட்டில் மண் சரிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, வீரர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஆடினார்கள். அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் எட்டு கோல் என்பது கேரளம் முழுக்க ஓர் ஆறுதலாக இருந்தது. அதே தொடரில் சி.ஐ.எஸ்.எஃப். அணியை 7-0. நீங்களும் மச்சானும் அந்த வாரம் போனில் என்ன பேசியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மும்பை அனுப்பியிருந்தது தன் இரண்டாம் வரிசை அணியை. காலிறுதியில் பெங்களூரு முழு பலத்தோடு வந்ததும் 0-1 என்று வெளியேறினோம்.

பிறகு செப்டம்பர் 15, திருவோண நாள். கலூரில் பஞ்சாப் அணியோடு முதல் லீக் ஆட்டம். ஓணத்தை முன்னிட்டுப் பாதி இருக்கைகளுக்குத்தான் டிக்கெட் கொடுத்திருந்தார்கள். 86-ஆவது நிமிடம் பெனால்டியில் பஞ்சாப் முந்தியது. கூடுதல் நேரத்தின் இரண்டாம் நிமிடத்தில் ஹெசூஸ் ஹிமேனெஸ் தலையால் முட்டிச் சமன் செய்தபோது மைதானமே எழுந்து நின்றது. அதோடு விட்டிருந்தால் ஒரு புள்ளி. அணி அந்தச் சந்தோஷத்திலிருந்து இறங்குவதற்குள், 95-ஆவது நிமிடம் மிர்ஸ்லியாக் அடித்துவிட்டார். 1-2. ஒன்றரை மாதம் ஊதிய நம்பிக்கை ஓணச் சத்யை செரிப்பதற்குள் வடிந்துபோனது.

இந்த இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சீசனுக்கு முந்தைய ஆட்டங்களை வைத்து ஆசையை வளர்க்கக் கூடாது என்பது விளங்கும். எதிரணி யாரை இறக்குகிறது, எவ்வளவு அக்கறையோடு ஆடுகிறது என்று தெரியாத ஆட்டத்தில் எட்டு அடித்தாலும் அது கணக்கில் வராது. பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் எழுவர் ஆடும் செவன்ஸ் கால்பந்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பிடிபடுவது கொஞ்சம் கஷ்டம். செவன்ஸில் ஒரு ராத்திரி நன்றாக ஆடினால் கப்பு கையில் வந்துவிடும். லீக்கில் அப்படி நடக்காது.

எதை வைத்து எதிர்பார்க்கலாம்? என் பதில் ஒன்றுதான்: யார் வருகிறார் என்று பார்க்காதீர்கள், எத்தனை கோல் வாங்குகிறோம் என்று பாருங்கள்.

2020-21 சீசனில் பிளாஸ்டர்ஸ் 11 அணிகளில் பத்தாவது. 20 ஆட்டத்தில் 36 கோல் வாங்கியது. அடுத்த சீசனுக்கு முன்பு யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. பயிற்சியாளராக இவான் வுகோமனோவிச் வந்தார், வெளிநாட்டு வீரர்களை மொத்தமாக மாற்றினார்கள். முதல் ஆட்டத்திலேயே மோகன் பகானிடம் 2-4 தோல்வி. அதன்பின் பத்து ஆட்டம் தோற்கவே இல்லை! சீசன் முடிவில் நான்காம் இடம், இறுதிப் போட்டி. எல்லோரும் லூனாவின் ஃப்ரீகிக்கையும் வாஸ்குவேஸின் தூரத்து ஷாட்டையும் நினைவில் வைத்திருக்கிறோம், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் அந்த வருஷத்தின் உண்மையான மாற்றம் பின்வரிசையில் நடந்தது. லெஸ்கோவிச்சும் இளைஞன் ஹோர்மிபாமும் நடுவில் நின்றார்கள். வாங்கிய கோல் 36-இலிருந்து 24-ஆக இறங்கியது. பன்னிரண்டு கோல் வித்தியாசம்தான் பத்தாவது இடத்திலிருந்து கோவாவின் ஃபதோர்தாவில் நடந்த இறுதிப் போட்டிவரை கொண்டுபோனது.

2024-25 சீசனில் 24 ஆட்டத்தில் 33 கோல் அடித்து 37 வாங்கினோம். ஆட்டத்துக்கு ஒன்றரைக்கு மேல். அடித்தது குறைவில்லை, கவனியுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் விட்டதுதான் கொன்றது. ஓண நாள் ஆட்டத்தைச் சொன்னேன். டிசம்பர் 14-ஆம் தேதி கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக 86-ஆவது நிமிடம் வரை 2-1 முன்னிலை. கம்மிங்ஸ் சமன் செய்தார், 95-ஆவது நிமிடம் ஆல்பர்ட்டோ ரொட்ரிகேஸ் அடித்து 2-3. இரண்டு நாளில் பயிற்சியாளர் மிகாயேல் ஸ்டாரே வேலையிழந்தார். ஆறாம் இடம் பிடித்து பிளேஆஃபுக்குப் போன மும்பைக்கு 36 புள்ளி, நமக்கு 29. இந்த இரண்டு ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை மட்டும் காப்பாற்றியிருந்தால் நான்கு புள்ளி கூடியிருக்கும். ஏழு புள்ளிப் பள்ளத்தில் பாதிக்கு மேல் அங்கேயே அடைபட்டிருக்கும்.

ஸ்டாரே போன பிறகு டி.ஜி. புருஷோத்தமன் அணியை எடுத்தார். முதல் 12 ஆட்டத்தில் 11 புள்ளி எடுத்த அதே அணி, அடுத்த 12-இல் 18 எடுத்தது. எந்தப் பெரிய வெளிநாட்டுப் பெயரும் இல்லாத, நம் ஊர் முன்னாள் கோல்கீப்பர் ஒருவர் செய்த காரியம் அது. அதற்கு உரிய மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஆட்கள் போவதையும் பாருங்கள். 2022-இல் வாஸ்குவேஸ் கோவாவுக்கு, பெரேரா டியாஸ் மும்பைக்கு. 2023-இல் சகல் மோகன் பகானுக்கு. 2024-இல் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய டியமந்தகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்கு. 2025-இல் ஹிமேனெஸும் போய்விட்டார். கோல் அடிக்கிறவரை ஒவ்வொரு வருஷமும் இழந்துவிட்டு, அந்த இடத்துக்கு முன்பின் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தி, நம்மைக் கப்புக் கனவு காணச் சொல்கிறது நிர்வாகம். 2014-இலிருந்து பத்துக்கு மேற்பட்ட பயிற்சியாளர்கள் வந்து போய்விட்டார்கள். அவர்களில் மூன்று முழு சீசன் கிடைத்தது இவான் ஒருவருக்குத்தான். மூன்று சீசனிலும் அணி பிளேஆஃபுக்குப் போனது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ரசிகர்களின் பொறுமையைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவின் பேஸ்பாலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சிகாகோ கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு 2016 வரை, 108 வருஷம், பட்டம் வெல்லவே இல்லை. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை "அடுத்த வருஷம்" என்று சொல்லியே காலம் தள்ளியது. 2011 கடைசியில் தியோ எப்ஸ்டீன் பொறுப்பேற்றதும், பழைய அணியை ஒட்டுப்போடாமல் கீழிருந்து கட்டத் தொடங்கினார். 2012-இல் 162 ஆட்டத்தில் 101 தோல்வி. ஆனால் ரசிகர்களுக்கு அணி எங்கே போகிறது என்பது தெரிந்திருந்தது. இளம் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள், 2016-இல் பட்டம் வந்தது. தோல்வியைத் தாங்க நம் ஊர் ரசிகனுக்கும் தெரியும். 2014 இறுதிப் போட்டியில் கடைசி நிமிட கோலில் தோற்றதையும், 2016-இல் கொச்சியிலேயே பெனால்டியில் தோற்றதையும், 2022-இல் மறுபடி பெனால்டியில் தோற்றதையும் தாங்கியவர்கள் இவர்கள். திட்டம் என்னவென்று யாரும் சொல்லாததுதான் அவர்களுக்கு ஆறவில்லை. 2024 டிசம்பரில் ரசிகர் அமைப்பான மஞ்சப்பட, நிர்வாகத்தை எதிர்த்து வெளிப்படையாக நின்றது அதனால்தான். அது அணியை வெறுத்துச் செய்தது அல்ல. அதை நான் முழு மனதோடு ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன்.

பொள்ளாச்சிக்காரர்களுக்கு என்ன சொல்வது? 2015, 2018 என்று சென்னையினுக்கு இரண்டு கோப்பை இருப்பது உண்மை, அதை மறுக்க வேண்டாம். 2024-25 சீசனில் அவர்கள் பதினோராவது இடம் என்பதையும், கொச்சியில் 3-0, சென்னையில் 3-1 என்று இரண்டு முறையும் நம்மிடம் தோற்றார்கள் என்பதையும் மரியாதையாகச் சொல்லுங்கள். பாஷையை வைத்து அணி மாற வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூணாறில் ஃபின்லே ஷீல்டு கால்பந்து நடக்கும்போது மச்சானை ஒருமுறை கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதுவார்கள். எந்த எஸ்டேட் லயத்தில் பிறந்தானோ அந்த எஸ்டேட்டுக்குத்தான் தொண்டை கிழியும். உங்களுக்குக் கொச்சி அணி அப்படி. நீங்கள் வாழும் மண்ணின் அணி, உங்கள் பக்கத்துக் கடைக்காரரின் அணி. அதை விட்டுவிடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

டிக்கெட் விஷயத்தில் உங்கள் புத்தி சொல்வதே சரி. ஆட்டம் பெரும்பாலும் ஏழரை மணிக்கு. நீங்கள் பாலக்காடு போய் ரயில் பிடித்து எர்ணாகுளம் நார்த்தில் இறங்கி, மெட்ரோவில் கலூர் போய்விடலாம். திரும்பும்போது நடுராத்திரியைத் தாண்டும். பூப்பாறையிலிருந்து அடிமாலி, கோதமங்கலம் வழியாகப் பஸ்ஸில் வரும் மச்சானுக்கு அன்று வீடு திரும்பவே முடியாது. லீக் எத்தனை ஆட்டம் என்று தெரியாதபோது முழு சீசனுக்குப் பணம் கட்டாதீர்கள். பெங்களூரு ஆட்டம், சென்னையின் ஆட்டம் இரண்டுக்கும் சேர்ந்து போங்கள். மற்றதை அணி சம்பாதிக்கட்டும்.

பயிற்சியாளர் டேவிட் கட்டாலா 2025 மார்ச்சில்தான் வந்தார். ஏப்ரல் சூப்பர் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலை 2-0 வென்று, மோகன் பகானிடம் 1-2 தோற்றார். இரண்டு ஆட்டத்தை வைத்து அவரைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். இந்த அணி முதல் ஆறுக்குள் வரலாம் என்பதுதான் என் எதிர்பார்ப்பு. கப்பு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. லீக் குறுகினாலும் நீண்டாலும் ஆட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளி எடுத்தால் பிளேஆஃப் அளவுக்கு வந்துவிடலாம். அதற்கு, 2021-22-இல் போல ஆட்டத்துக்கு 1.2 கோலுக்கு மேல் வாங்கக் கூடாது. ஆறு ஆட்டம் முடிந்ததும் பாருங்கள்: ஒன்பது புள்ளி இருந்து, வாங்கிய கோல் ஏழைத் தாண்டாமல் இருந்தால், மச்சானுக்குப் போன் போட்டு மீதி ஆட்டங்களுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.