முதல் பல்புதான் அதிகமாக எரியுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். முதலாம் ஆண்டு பி.எஸ்சி. வகுப்பில் 58 பேர். பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். கொரோனா காலத்தில் தொடங்கிய பழக்கத்தில் இன்றும் பாடங்களை ஒரு மணி நேர வீடியோவாக எடுத்து யூடியூபில் போடுகிறேன். முதல் சில நிமிடங்களைத் தாண்டி யாரும் பார்ப்பதில்லை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வு வருகிறது, ‘ஐசிடி’ எனப்படும் தகவல் தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துங்கள் என்கிறார் துறைத்தலைவர். பயிற்சி முகாமில் மூடில், காஹூட், மென்டிமீட்டர், பேட்லட், கேன்வா என்று நீண்ட பட்டியல் கொடுத்தார்கள். எல்லாரிடமும் டேட்டா இல்லை. சிலரிடம் சொந்தமாகப் போனே இல்லை. நான் எதிலிருந்து தொடங்குவது? புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு மடித்து வையுங்கள். உங்கள் பாடத்தில் பிள்ளைகள் ஆண்டுதோறும் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அப்படி ஓர் இடத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கருவி அதற்குப் பிறகு. நான் மின்சுற்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடர் இணைப்பு. எந்தப் பல்பு அதிகமாக எரியும்? கரும்பலகையில் வரைந்து இதைக் கேட்டுப் பாருங்கள். ஓம் விதியைப் பிழையில்லாமல் எழுதுகிறவர்களில்கூடப் பலர் ‘முதல் பல்பு’ என்பார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்ற எண்ணம் மனதில் இருக்கிறது. இயற்பியல் கற்பித்தல் ஆய்வாளர்கள் பல நாடுகளில் பதிவு செய்த குழப்பம் இது. கணக்குப் போட இந்தக் குழப்பம் தடையாக இருப்பதில்லை. ஆகவே தேர்வுத்தாளிலும் அது வெளியே தெரிவதில்லை. மூன்று ஆண்டு கழித்துப் பட்டத்தோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த எரிக் மேசருக்கும் இதே அனுபவம். 1990-இல் அவர் தன் மாணவர்களுக்கு விசை பற்றிய எளிய கருத்துக் கேள்விகளைக் கொடுத்தார். கனரக லாரியும் சிறிய காரும் மோதினால் எதன்மீது அதிக விசை என்பது போன்ற கேள்விகள். கடினமான கணக்குகளைப் போடத் தெரிந்தவர்கள் இவற்றில் தவறினார்கள். அடுத்த ஆண்டே அவர் வகுப்பு நடத்தும் முறையை மாற்றினார். கொஞ்சம் விளக்கம், பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைப் பதிவு செய்ய வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுவார். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. அநேகமாக ஒவ்வொரு முறையும் இரண்டாவது வாக்கெடுப்பில் சரியான விடை கூடியது. இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவனுக்குத் தன் நண்பன் எங்கே சிக்கிக்கொண்டான் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். தமிழ்வழியில் வந்தவர்கள் தங்களுக்குள் தமிழில் பேசித் தெளிந்துகொள்ளவும் இதில் இடமிருக்கிறது. உங்கள் வகுப்புக்கு இது பெரிய பலம்.

இதற்குக் கையைத் தூக்கச் சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. முதல் பெஞ்சில் கெட்டிக்காரப் பெண் கை தூக்கினால் பின்னால் இருபது கைகள் சேர்ந்து எழும். ‘பிளிக்கர்ஸ்’ என்ற கருவி இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. அதில் அவருக்கு மட்டுமே உரிய ஒரு கறுப்பு வடிவம் இருக்கும். நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். உங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும். மாணவர் கையில் போன் தேவையில்லை, டேட்டா தேவையில்லை. அட்டைகளின் வடிவம் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதால் பக்கத்தில் பார்த்து எழுதவும் வழியில்லை. இணையத்திலிருந்து அட்டைகளை இலவசமாக இறக்கித் தடித்த தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமராவுக்கு வடிவம் தெரியாமல் போகும். கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

வாக்கெடுப்பு முடிந்து வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது ‘ஃபெட்’ சிமுலேஷனைத் திறங்கள். 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. முழுக்க இலவசம். பல சிமுலேஷன்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. பென்டிரைவில் இறக்கி வைத்தால் இணையம் இல்லாத துறைக் கணினியிலும் ஓடும். மின்சுற்றுச் சிமுலேஷனில் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாகக் கம்பிக்குள் நகர்வது தெரியும். முதல் பல்புக்கு முன்னும் பின்னும், இரண்டாவதற்கு அப்பாலும் ஒரே வேகம். ‘தின்றுவிடும்’ என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் காணும். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை உண்மையான பல்பும் கம்பியும் இப்படிக் காட்ட முடியாது. 2005-இல் நோவா ஃபிங்கல்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிமுலேஷனில் பயின்றவர்கள் கருத்துக் கேள்விகளில் மட்டுமல்ல, நிஜமான சுற்றை இணைத்து விளக்குவதிலும் ஆய்வகக் கருவிகளில் பயின்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனாலும் ஆய்வகத்தைக் கைவிடாதீர்கள். எரிந்துபோன ஃபியூசும் தளர்ந்த இணைப்பும் கற்பிப்பதைத் திரை கற்பிக்காது.

இனி உங்கள் வீடியோ. பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் வீடியோ பார்க்கப்பட்ட 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர் கவனம் ஏறக்குறைய 6 நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. செலவு செய்து ஸ்டூடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து பேசியதும், கையால் எழுதிக்கொண்டே விளக்கியதும் அதிகம் ஈர்த்தன. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள்: வகுப்பில் எடுத்த நீண்ட உரையைத் துண்டு போட்டால் அது குறும்பாடமாகிவிடுவதில்லை. எனவே பழைய வீடியோக்களை வெட்டிக்கொண்டு உட்காராதீர்கள். போனைக் கீழ்நோக்கி நிற்க வைத்து, வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரே ஒரு கருத்தை வரைந்து 5 நிமிடத்தில் முடியுங்கள். 2021-இன் தொடக்க மாதங்களில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. இன்று அது இல்லை. அண்ணன் தம்பியோடு பங்கு போட்டுக்கொள்ளும் போனில் ஒரு மணி நேர வீடியோ பார்ப்பது எத்தனை வீட்டில் நடக்கும்? மூன்று நிமிட வாட்ஸ்அப் ஆடியோ பல இடங்களில் வீடியோவைவிட நன்றாகப் போய்ச் சேரும்.

வாரம் ஒருமுறை கூகுள் ஃபார்மில் ஐந்து கேள்வி வையுங்கள், மதிப்பெண் இல்லாமல். போன் இல்லாதவர்களுக்குத் தாளில் கொடுங்கள். இந்த வாரப் பாடத்தில் இரண்டு, போன மாதப் பாடத்தில் மூன்று. ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். வகுப்பில் வாங்கிய விடைகள் பிள்ளைகள் மனதில் தங்க இது போதும்.

பைத்தான், சைலாப் போன்றவற்றுக்கு நீங்கள் புதிதாக எதையும் தயாரிக்க வேண்டாம். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் திரை ஆங்கிலத்திலும் குரல் தமிழிலும் இருக்கும் பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம். ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் வீடியோ உரைகள் மாணவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

நாக் பற்றிக் கவலை வேண்டாம். முதல் வாக்கெடுப்பு, இரண்டாவது வாக்கெடுப்பு இரண்டின் முடிவுகளையும் ஒவ்வொரு பாடத்துக்கும் சேமித்து வையுங்கள். எத்தனை பேர் எங்கிருந்து எங்கே நகர்ந்தார்கள் என்று காட்டும் அந்தத் தாள்கள், எத்தனை செயலிகளைத் தரவிறக்கினோம் என்ற பட்டியலைவிட மேலான சான்று.

கடைசியாக ஸ்கேன் விஷயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பயிற்றுவிக்கும் போக்கில் ஆசிரியர் படைப்பைப் பிரதி எடுக்க இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், டெல்லி உயர்நீதிமன்றம் 2016-இல் இந்தப் பிரிவுக்கு விரிவான பொருளே கொடுத்தது. கற்பித்தலுக்குத் தேவையான அளவு என்பதே அங்கே அளவுகோல். அது தாள் நகல் பற்றிய வழக்கு. ஆகவே பாடத்துக்கு வேண்டிய பக்கங்களை உங்கள் வகுப்புக் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுப் புத்தகத்தைப் பிடிஎஃபாகப் பரப்ப வேண்டாம். இந்தச் சிக்கலே இல்லாத வழியும் ஒன்று உண்டு. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட ‘யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்’ நூலின் மூன்று தொகுதிகளும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. மின்சுற்று இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, வேண்டிய பக்கங்களை நீங்களே தமிழாக்கி அச்சடித்து 58 பேருக்கும் கொடுக்கலாம்.