காற்றில் சிறுபடகு: பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா அனுபவம்

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மன்னார் பக்கம் கொந்தளிக்கும்போது பாக் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று எழுந்துவிட்டால் நிலைமை மாறி, பாக் பக்கம் கலங்கும். வத்தை என்னும் சிறு மரப்படகிலும் பைபர் படகிலும் தொழில் செய்வோர் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் இறங்குவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அலையின் உயரம் காற்றின் வேகத்தால் மட்டும் அமைவதில்லை. எவ்வளவு நேரம் வீசியது, எவ்வளவு தூரம் தடையின்றித் தண்ணீர் மேல் ஓடி வந்தது என்பவையும் சேரும். ஆழமும் முக்கியம். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். அங்கே அலை நீண்டு உருள்வதில்லை. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து மோதும். ஒரு அலையிலிருந்து படகின் முன்பக்கமான அணியம் எழுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடும் வேளையில் இது இன்னும் மோசமாகும்.

காற்றை அளக்கக் கருவி தேவையில்லை. அலைத்தலைகளில் அங்கங்கே வெள்ளை விழுந்தால் காற்று ஏறக்குறைய மணிக்கு 12 முதல் 19 கி.மீ. பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை என்றால் 20 கி.மீ. தாண்டிவிட்டது, சிறுபடகு வலையைச் சுருட்ட வேண்டிய நேரம் அது. வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையில் வழக்கமாக வரும் அளவு மணிக்கு 45 முதல் 55 கி.மீ. எச்சரிக்கை இல்லை என்பதாலேயே சிறுபடகுக்கு ஏற்ற கடல் என்று கொள்ளக் கூடாது.

அதிகம் ஏமாற்றுவது கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. பாக் விரிகுடாக் கரையிலுள்ள தொண்டிப் பக்கம் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும்; அலை வளர அங்கே இடம் இல்லை. படகும் முதுகில் காற்றோடு சுகமாகப் போகும். வெளியே போகப் போக அலை கூடும், திரும்பும் வழி முழுவதும் எதிர்க்காற்று. ஆகவே போகும்போது உள்ள காற்றைவிட, திரும்பும்போது இருக்கப்போகும் காற்றே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இயன்றவரை காற்றை எதிர்த்துப் போய்த் தொழில் செய்து, காற்றோடு திரும்புவது நல்லது. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி தொடாத இருப்பு.

வலை விடும் முறையும் காற்றைப் பொறுத்ததே. காற்று வரும் பக்கமாக வலையை இறக்கினால் படகு வலையை விட்டு விலகித் தள்ளப்படும். மறுபக்கம் இறக்கினால் படகு வலை மேலேயே ஏறும். வலை இயந்திர விசிறியில் சுற்றினால் படகு கையை மீறிப் போகும். இழுக்கும்போது ஒருவர் எஞ்சினை மெல்ல முன்னோக்கி ஓட விட்டு, அணியத்தைக் காற்றுக்கு நேராக வைத்திருந்தால் இழுப்பவர் கையில் பாரம் குறையும். பின்பக்கமாக இழுப்பது ஆபத்து. எஞ்சினும் ஆட்களும் ஈரவலையும் சேர்ந்து ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் அந்தப் பக்கத்தில்தான் அலை உள்ளே ஏறும். பாறையில் சிக்கிய வலையைப் படகில் கட்டிப் போராடுவதைவிட அறுத்து விடுவதே சரி. வலையின் விலை பெரிது என்பது உண்மைதான். அதனாலேயே அறுப்பது என்ற முடிவைக் கரையிலேயே எடுத்துவைக்க வேண்டும். கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எதிரலையில் வேகத்தைக் குறைத்து, சற்றுச் சாய்வாக ஏறுவது படகைக் காக்கும். பின்னலையில் கவனம் இருமடங்கு தேவை. அலையோடு சறுக்கி ஓடும் படகின் அணியம் முன்னலையில் புதைந்தால் பின்பக்கம் வீசித் திரும்பி, படகு அலைக்குக் குறுக்கே விழும். கவிழ்வது பெரும்பாலும் அப்படித்தான். அலையின் முதுகிலேயே இருக்கும்படி வேகத்தை ஏற்றியும் இறக்கியும் வர வேண்டும். ஐஸ் பெட்டியும் மீனும் நடுவில், அடியில், நகராதபடி இருக்க வேண்டும். யாரும் எழுந்து நிற்கக் கூடாது. உயிர்காப்பு அங்கியைக் காற்று ஏறிய பிறகு தேடுவதில் பயனில்லை. கரையிலேயே அணிய வேண்டும்.

எஞ்சின் நின்றால் பழுது பார்ப்பதற்கு முன் நங்கூரம் இறங்க வேண்டும். பாக் விரிகுடாவின் ஆழம் குறைவு என்பது இங்கே உதவியாகிறது. கயிறு ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வேண்டும். அணியத்தில்தான் கட்ட வேண்டும்; பின்பக்கம் கட்டினால் அலை நேராக உள்ளே வரும். நங்கூரம் பிடிக்காத இடத்தில் கயிறு கட்டிய வாளியையோ பழைய வலைக் குவியலையோ அணியத்திலிருந்து விட்டால் படகு காற்றை நோக்கித் திரும்பி, மெதுவாகவே நகரும். கச்சான் காலத்தில் இதைத் தாமதித்தால் படகு கிழக்கே, 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையை நோக்கித் தள்ளப்படும்.